கோடு பூஜ்யம் அல்ல

ஓர் ஆட்டக்காரரின் பேட்டிங் சராசரி என்பது அவர் எடுத்த மொத்த ரன்களை, அவர் அவுட்டான தடவைகளால் வகுத்தால் வருவது. எத்தனை இன்னிங்ஸ் ஆடினார் என்பது கணக்கில்லை, எத்தனை தடவை அவுட்டானார் என்பதுதான் கணக்கு. ஒரு தடவைகூட அவுட்டாகாதவருக்கு வகுக்க எண் இல்லை. ஆகவே அந்தக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு விட்டுவிடுவார்கள். கோடு பூஜ்யம் அல்ல. இதுதான் விதி. 1993-ல் திண்டிவனத்தில், ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இந்த விதிதான் செல்லுபடியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

நண்பர்களே, போன மாதம் நம் வகுப்பின் வாட்ஸப் குழுவில் உங்களில் யாரோ ஒருவர் ஆரம்பித்துவைத்தீர்கள். நம் காலத்தில் இந்தியாவுக்கு ஒன்றோ இரண்டோ ஆட்டம் ஆடிவிட்டுக் காணாமல்போனவர்கள் யார் யார் என்று. நான்கு நாட்கள் வேறு பேச்சே இல்லை. முதன்மை விக்கெட் கீப்பருக்கு விரல் வீங்கியதால் கூப்பிடப்பட்டு, வீக்கம் வடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். முதல் ஆட்டமே மழையில் போய், மைதானத்தில் கால் வைக்காமலேயே ‘ஆடியவர்’ ஆனவர். பந்து வீசுவதற்கு முன் பேன்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்பவர். அவர் பந்து யாருக்கும் ஞாபகமில்லை, பேன்ட் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் பெயர்களாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. ‘மிலிட்டரி ஏன் சைலன்ட்?’ என்று ஒருவர் கேட்டதற்கும் பதில் போடவில்லை. இதுதான் அந்தப் பதில். தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன்.

உங்களில் பலருக்கு ஓய்வுபெற இன்னும் பதினைந்து வருஷம் பாக்கி. நான் பதினெட்டில் படையில் எழுத்தராகச் சேர்ந்து, இருபது வருஷம் முடித்து, முப்பத்தெட்டில் ஓய்வூதியக்காரன் ஆகிவிட்டேன். வயது உங்கள் வயதுதான். முதுகு மட்டும் என் அப்பாவின் வயது. இருபது வருஷமும் துப்பாக்கியைவிடப் பஞ்சிங் மெஷினைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். எந்தத் தாளை எங்கே வைத்தால் அது எப்போது சாகும் என்று எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த ‘ஒரு மேட்ச்’ ஆசாமியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இருக்கிறாரோ இல்லையோ, அவரவர் ஓய்வை அவரவர் அனுபவிக்கட்டும். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியவனை உங்களுக்குத் தெரியும். பெயர் சொன்னால் தெரியாது. ‘கோடு’ என்றால் தெரியும். நாம் வைத்த பெயர்தானே.

அவன் முகையூர்ப் பக்கத்துப் பையன். பள்ளி விடுதியில் தங்கிப் படித்தான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்ன மரச் சிலுவை. ஆறாம் வகுப்பில் அவனைக் கொண்டுவந்து சேர்த்தபோது அவன் அப்பா விடுதி ஃபாதர் முன்னாலேயே சொன்னாராம்: “இவன் மேல ஒரே ஒரு கம்ப்ளெயின்ட் வந்தாலும் சொல்லியனுப்புங்க சாமி. இட்டுக்கினு போயி ஏர்ல பூட்டிடறேன்.” அவர் அதை வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வீட்டில் நிலம் இருந்தது, ஆள் இல்லை. இவன் படிக்க ஆசைப்பட்டான். அவன் அந்த வாக்கியத்தை அடிக்கடி எங்களிடம் சொல்லிக்காட்டுவான், அப்பா குரலிலேயே. நாங்கள் சிரிப்போம். இப்போது யோசித்தால், பயத்தில் இருப்பவன்தான் அப்படி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வான்.

அவனிடம் ஒரு கட்டு கிரிக்கெட் ட்ரம்ப் கார்டு இருந்தது. பாண்டிச்சேரியில் வேலை பார்த்த அவன் மாமா வாங்கித் தந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாத பொருட்களில் அதுவும் ஒன்று. மெல்லிய அட்டை, ஓரம் வளைந்தது, வாசனை மட்டும் மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்தது மாதிரி. ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டக்காரரின் படம், கீழே ஐந்து கட்டங்கள்: ஆட்டம், ரன், அதிகபட்சம், சராசரி, விக்கெட். கட்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வோம். முறை வந்தவன் தன் மேல் கார்டைப் பார்த்து ஒரு கட்டத்தைச் சொல்வான். யாருடைய எண் பெரியதோ அவனுக்கு இரண்டு கார்டும், அடுத்த முறையும்.

அந்தக் கட்டை அச்சடித்த புண்ணியவானுக்கு நட்சத்திரங்கள் போதவில்லை. மீதி இடத்தை நிரப்ப எங்கிருந்தோ ஒரு பட்டாளத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம், ஒரு ஆட்டம். சிலருக்குப் படமே கிடைக்காமல், தொப்பி போட்ட ஒரே முகத்தை இரண்டு பெயர்களில் அடித்திருந்தான். இவர்கள் கைக்கு வந்தால் தோல்விதான். ‘ஐயோ, பஞ்சர்’ என்போம். பெரிய ஆட்டக்காரர்களின் முகங்களை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. இவர்களின் முகத்தைத் தோற்கப்போகிறோம் என்ற கடுப்போடு உற்றுப் பார்த்தவர்கள் நாங்கள்தான். அதனாலேயே ஞாபகம் இருக்கிறார்கள்.

அந்தப் பட்டாளத்தில் கடைசி ஆள்தான் நான் பெயர் எழுதாத நம்மவர். ஒரு டெஸ்ட். மூன்று ரன். அதிகபட்சம் மூன்று, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. விக்கெட் இல்லை. சராசரிக் கட்டத்தில் ஒரு கோடு. படத்தில் அவர் கேமராவைப் பார்க்காமல், யாரோ கூப்பிட்டதுபோல் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்.

அது தென்னாற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்த வருஷம். என் அப்பா வருவாய்த் துறையில் எழுத்தர். புதிய மாவட்டத் தலைநகரமான விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். காலையில் பாசஞ்சர் ரயிலில் போய் இருட்டுவதற்குள் வந்தால் அன்றைக்கு மழை வரும் என்பாள் அம்மா. அவர் வேலை கோப்புகளைப் பிரிப்பது. இது கடலூருக்கு, இது விழுப்புரத்துக்கு. அண்ணன் தம்பி சண்டையில் பாத்திரம் பிரிப்பதுபோல், ஒரே வழக்கின் மனு ஒரு மாவட்டத்துக்கும் அதன் பதில் இன்னொரு மாவட்டத்துக்கும் போயிற்றாம். சட்டையிலும் தலைமுடியிலும் பழைய தாளின் தூசியோடு வந்து, கிணற்றடியில் அரை மணி நேரம் தும்முவார்.

அலுவலகத்தில் அவர் வெறும் எழுத்தர். வீட்டில் மாவட்ட ஆட்சியர். பச்சை மையில் எழுதுவது கெஜட்டட் அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய வழக்கம் என்பதால், வீட்டில் மட்டும் அவர் பச்சை மையில் எழுதுவார். வரவேற்பறை மேசை மேல் மூன்று மரத் தட்டுகள்: ஒன்று அவருக்கு, ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. வீட்டுக்கு வரும் எந்தத் தாளும் அவர் பார்த்து, தேதி போட்டு, சுருக்கொப்பமிட்டு, உரிய தட்டுக்குப் போகும். அம்மாவின் தட்டில் ரேஷன் கார்டும், ‘சர்க்கரை ஏன் சீக்கிரம் தீர்ந்தது?’ போன்ற குறிப்புகளும். அம்மா அதன் மேல் முறத்தை வைத்துவிடுவாள். என் தட்டில் குறிப்பாணைகள். ‘கணக்கில் 42. விளக்கம் தேவை. மூன்று நாட்களுக்குள்.’ நான் விளக்கம் எழுதி வைக்க வேண்டும். ‘விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை’ என்று மறுநாள் திரும்பி வரும். உங்கள் அப்பாக்கள் உங்களை அடித்தார்கள். உங்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகப் படிவம் ஒன்றை வீட்டில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் ஸ்கேல் பிடித்துக் கட்டம் போட்டுக்கொடுத்தேன். சில கட்டங்களில் பூஜ்யம், சிலவற்றில் கோடு போடுவதைப் பார்த்து, ரெண்டும் ஒண்ணுதானே என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

“மரக்காணத்துல புயல்ல எத்தனை படகு மூழ்கிச்சு? போய்ப் பார்த்தோம், எண்ணினோம், ஒண்ணுகூட இல்ல. அப்போ பூஜ்யம். சரி, மேல்மலையனூர்ல எத்தனை படகு மூழ்கிச்சு?”

“அங்க கடலே இல்லியேப்பா.”

“அப்போ கோடு. அந்தக் கேள்வியே அந்த ஊருக்குப் பொருந்தாதுன்னு அர்த்தம். இத மாத்திப் போட்டேன்னு வையி, எந்த அதிகாரி வந்தாலும் உன்னக் காப்பாத்த முடியாது.”

இது நடந்தது அக்டோபரில். பத்து நாள் கழித்து நான் அதை மாற்றிப் போட்டேன். எந்த அதிகாரியும் வரவில்லை.

அன்றைக்கு மழை. விளையாட்டு பீரியடை வகுப்பறைக்குள் அடைத்துவிட்டார்கள். நானும் அவனும் ‘வெச்சு’ ஆடினோம். அவன் வைத்தது கார்டுக் கட்டு முழுவதும். நான் வைத்தது ஒரு கார்க் பந்து. அவனுக்கு அந்தப் பந்தின் மேல் ரொம்ப நாளாகக் கண். பெஞ்சைச் சுற்றி நீங்கள் எல்லோரும் நின்றீர்கள். ஈரச் சட்டை வாடையில் மூச்சு முட்டியது. அவன் தோற்றுக்கொண்டே வந்தான். கடைசியில் அவன் கையில் ஒரே ஒரு கார்டு. சொல்வதும் அவன் முறை.

அவன் கார்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“இன்னாடா, முட்ட போட்டு அடைகாக்கறியா? சொல்றா ஜல்தி!” என்றது யாரோ.

“ஆவரேஜ்” என்றான்.

என் கார்டில் நாட்டுக்கே பெருமை சேர்த்த ஒருவர். ஐம்பது சொச்சம். போட்டேன். அவன் தன் கார்டை அதன் பக்கத்தில் மெதுவாக வைத்தான். கோடு.

சிரிப்பு கூரையைத் தூக்கியது. அவன் சிரிக்கவில்லை. “சிரிக்காதீங்கடா. இவன யாருமே அவுட் ஆக்கல. இஸ்டார் போட்டுகிது பாரு. அவுட்டே ஆவாதவனுக்கு ஆவரேஜ் எவ்ளோன்னு எவனாலயும் சொல்ல முடியாது. ஐம்பது இன்னா, ஐந்நூறு வந்தாலும் பத்தாது. ரெண்டு கார்டும் எனக்கு.”

“கோடுன்னா ஒண்ணுமில்லடா” என்றேன்.

“ஒண்ணுமில்லன்னா முட்ட போட்டிருப்பான் இல்ல? ஏன் கோடு போட்டான்?”

இது அப்பா சொன்ன அதே விஷயம். படகு இல்லாத ஊர். படிவமோ அப்பாவோ இல்லாமல், வெறும் அட்டையை உற்றுப் பார்த்து அவன் அங்கே வந்து சேர்ந்திருந்தான். எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கார்டுக் கட்டு என் மடியில் இருந்தது.

சத்தம் கேட்டுக் கணக்கு வாத்தியார் வந்தார். கார்டைப் பிடுங்கவில்லை, அடிக்கவும் இல்லை. அவர் நல்ல மனிதர்தான். மழையில் அவருக்கும் பொழுது போகவில்லை. இரண்டு கார்டையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல இன்னாடா சண்ட? கோடுன்னா ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லன்னா பூஜ்யம். முடிஞ்சிச்சு” என்றார்.

அவன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தான். “சார், மூணு ரன்னு, பூஜ்யம் தடவ அவுட்டு. மூண பூஜ்யத்தால வகுக்கவே முடியாதுன்னு நீங்கதான சார் போன வாரம் சொன்னீங்க?”

வாத்தியார் சொன்னதுதான். கரும்பலகையில் எழுதி, கோடிட்டுக் காட்டியதுதான். ஆனால் நாற்பது பையன்கள் ‘ஓ...’ என்று ராகம் போட்டுவிட்டோம். அவர் முகம் மாறியது. அந்த ‘ஓ’ இல்லாவிட்டால் அவர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நாம் எல்லோரும் சேர்ந்துதான் அதைச் செய்தோம்.

“என்னையே மடக்கறியாடா?” என்று என் பக்கம் திரும்பினார். “டேய், கலெக்டர் ஆபீஸ் பையா. உங்கப்பா நாள் முழுக்க இதானே எழுதறாரு. நீ சொல்லு. கோடுன்னா இன்னா?”

“பூஜ்யம் சார்.”

“கேட்டுக்கினியா? இந்த எதிர்ப்பேச்ச ரிப்போர்ட் கார்டுல எழுதறேன். உங்கப்பா வந்து பாக்கட்டும்.”

அவன் உட்கார்ந்தான். என்னைப் பார்த்தான். கோபமாக இல்லை. ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டுவிட்டவன் திரும்பச் சொல்லச் சொல்வதுபோல் பார்த்தான். நான் கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டேன். மறுநாள் காலை பிரேயருக்குள் அவன் பெயர் ‘கோடு’ ஆகிவிட்டிருந்தது.

அவன் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஆள் இல்லை. ஒரு வாரம் கழித்து ஒரு பதில் கார்டோடு வந்தான். இதையும் விளக்க வேண்டும்: தபால் நிலையத்தில் இரண்டு அஞ்சலட்டைகள் ஒட்டினாற்போல் விற்பார்கள். ஒன்றில் நாம் எழுதுவோம், மற்றதில் நம் முகவரியை எழுதி அனுப்பினால், பெறுகிறவர் அதைக் கிழித்துப் பதில் எழுதிப் போட்டுவிடலாம்.

“அவருக்கே எழுதிக் கேப்போம்டா” என்றான். “அவர் கையெழுத்துல வந்துச்சுன்னா, சார் கிட்ட காமிச்சு, ரிப்போர்ட் கார்டுல எழுத வேணாம்னு சொல்லுவேன். எழுதிட்டாருன்னாலும் அந்த வரிய அடிச்சிடச் சொல்லுவேன். உன் இங்கிலீசு நல்லாருக்கும். நீ எழுதிக்குடு.”

எந்த விஷயத்தில் அவன் எனக்கு எதிராக மேல்முறையீடு செய்கிறானோ, அதன் மனுவை என்னையே எழுதச் சொன்னான். வேறு யாரிடம் போவான்? நான் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: சராசரிக் கட்டத்தில் உள்ள கோடு, விளக்கம் வேண்டுதல். எனக்கு அப்படித்தான் எழுத வரும். அவர் ஆடிய மாநிலத்தின் கிரிக்கெட் சங்கம் என்று போட்டு, ஊர்ப் பெயரை எழுதினோம். பதில் பாதியில் அவன் பெயர், கீழே என் வீட்டு முகவரி. விடுதிக்கு வரும் கடிதங்களை ஃபாதர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அஞ்சலட்டை என்றால் சாப்பாட்டு அறை முழுக்கப் படித்துவிடும்.

நவம்பரில் போட்டோம். அதிலிருந்து தினமும் காலையில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பான்.

“வந்துச்சா?”

“வரல.”

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரியில் ரிப்போர்ட் கார்டு வந்தது. வாத்தியார் சொன்னதைச் செய்திருந்தார். நடத்தை என்ற கட்டத்தில் சிவப்பு மையில்: ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான். அவன் அப்பா கையெழுத்துப் போட்டு அனுப்பினாராம். ‘முழுப் பரீட்சை முடியட்டும், வந்து பேசிக்கிறேன்’ என்ற செய்தியோடு. அந்த வாரத்திலிருந்து அவன் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்காமல் பள்ளி வாசலிலேயே நின்றான்.

“பதில் வந்துச்சுன்னா சாரு அந்த சிவப்ப அடிச்சிடுவாரு. அப்பா அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வந்துச்சாடா?”

“வரல.”

நான் பொய் சொல்லவில்லை. எனக்குக் கணக்கில் அந்த அரையாண்டு முப்பத்தொன்பது. என் தட்டில் என்ன கிடக்கும் என்று தெரியும். அதனால் ஜனவரி முழுவதும் நான் அந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை. வரவேற்பறைக்குள் நுழையும்போதே சுவரில் காலண்டரைப் பார்த்துக்கொண்டு போவேன். பார்க்காதவன் பார்த்ததாகச் சொல்ல முடியாது. வரவில்லை என்று மட்டும் எப்படிச் சொன்னேன் என்று பின்னாளில் எந்த விசாரணையிலாவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பதில் வராமல் இருந்தால் நல்லது என்றும் இருந்தது. வந்தால் கட்டைத் திருப்பித் தர வேண்டும்.

ஏப்ரலில் அவன் அப்பா வந்தார். திண்டிவனம் பேருந்து நிலையத்தில், வெயிலில் தார் இளகி செருப்பில் ஒட்டியது. அவர் ஏணியில் ஏறி, பேருந்தின் கூரையில் டிரங்குப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவன் கீழே நின்றான்.

“வந்துச்சா?”

“வரல.”

“அந்த ஒரு கார்ட மட்டும் குடுடா. மத்தத நீயே வெச்சுக்க.”

“முழுக் கட்டுக்குத்தானே ஆடினோம்.” எனக்குப் பன்னிரண்டு வயது. அப்போதே விதிமுறை தெரிந்தவன்.

“சரி. வந்துச்சுன்னா அனுப்பு” என்றான். ஊர்ப் பெயரை இரண்டு தடவை சொன்னான். அப்பா மேலிருந்து கூப்பிட்டார். பேருந்து விழுப்புரம் சாலையில் திரும்பியது.

அந்தக் கட்டு என்ன ஆயிற்று என்றால், நட்சத்திரங்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கைமாறிப் போனார்கள். பேனாவுக்கு ஒருவர், பம்பரத்துக்கு ஒருவர். உங்களில் சிலரிடம்தான் போனார்கள். ஒரு மேட்ச் ஆசாமிகளை யாரும் கேட்கவில்லை. கேட்காததால் தப்பித்தார்கள். பதினோரு பேர், சரியாக ஓர் அணி, ஒரு பிஸ்கட் டின்னில் பரணுக்குப் போனார்கள்.

பிறகு இருபது வருஷம் வடக்கே. ஊர் ஊராக இரும்பு அலமாரிகள். என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த டின்னில் இருக்க வேண்டியவர்கள். ஒரு பதவி உயர்வுக்குப் பெயர் வந்து, பட்டியல் ஒட்டி, ரத்தாகி, மறுபடி யாரும் கூப்பிடாதவர்கள். நான் அவர்களின் தாள்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா 2018-ல் போனார். மறு வருஷம் நான் ஓய்வுபெற்று வந்ததும் அம்மா சொன்ன முதல் வேலை: “உங்கப்பா வெச்சிருக்கற குப்பைய எடுத்துப் போடு. கரையான் வருது.” குப்பை இல்லை. ஐம்பத்தாறு கோப்புகள், வருஷவாரியாக, வெள்ளை நாடா போட்டுக் கட்டியவை. என் பெயரில் ஒன்பது. மூன்றாவது கோப்பில், கணக்கில் முப்பத்தொன்பதுக்கு விளக்கம் கேட்ட குறிப்பாணைக்குப் பின்னால், மூலையில் துளையிட்டு நாடா கோத்த ஓர் அஞ்சலட்டை.

முகவரிப் பக்கத்தில் என் கையெழுத்து, பன்னிரண்டு வயதுக் கையெழுத்து. மறுபக்கம் நீல மையில் சாய்வான ஆங்கிலம். ஓரத்தில் பச்சை மை: ‘மகன் மூலம் உரியவரிடம் சேர்ப்பிக்க. 17.1.94.’ அதன் கீழே, அதே பச்சை: ‘தட்டில் வைக்கப்பட்டது. நடவடிக்கை இல்லை. கோப்பில் சேர்க்கப்படுகிறது. 31.1.94.’

அப்பா சரியாகத்தான் செய்திருந்தார். பிறருக்கு வந்த தபாலை அவர் மடக்கவில்லை, கிழிக்கவில்லை, உரியவருக்கு அனுப்பச் சொல்லி ஆணையிட்டார். பகலெல்லாம் விழுப்புரத்தில் தவறான மாவட்டத்துக்குப் போன தாள்களைச் சரியான மாவட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த மனிதர். வீட்டில் வாயைத் திறந்து ‘டேய், உன் சிநேகிதனுக்கு லெட்டர் வந்திருக்கு’ என்று ஐந்து வார்த்தை சொல்ல மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தட்டில் வைத்தால் சொன்ன மாதிரிதான். நான் தட்டைப் பார்க்கவில்லை. மாதக் கடைசியில் தட்டு காலிசெய்யப்பட வேண்டும். செய்தார். இதில் விதிமீறல் எங்கே என்று நான் அந்தக் கோப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. அது என்னுடையது.

அந்த வருஷமே, முகையூர்ப் பக்கத்தில் அவனைத் தெரியுமா என்று குழுவில் கேட்டேன், ஞாபகம் இருக்கும். உங்களில் ஒருவர் அவன் சவூதியில் இருப்பதாகச் சொன்னீர்கள். இன்னொருவர் அவன் இறந்துவிட்டதாக அஞ்சலிப் பூவே போட்டுவிட்டீர்கள். அவன் அவன் ஊரிலேயேதான் இருந்தான். திண்டிவனத்தில் ஏறி, விழுப்புரத்தில் மாறி, முகையூரில் இறங்கி ஒரு பெட்டிக்கடையில் கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்றார்கள்.

ஞாயிறு. பூசை முடிந்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் பாதி கட்டித் தொங்கியது. அவன் முற்றத்தில் சாக்கை விரித்து, விதைக்கான வேர்க்கடலையை, நம் ஊர் மல்லாட்டையை, உடைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. கழுத்தில் அதே கறுப்புக் கயிறு.

“யாரு?” என்றான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, நான் பெயர் சொல்வதற்குள், “கலெக்டர் ஆபீஸு” என்றான்.

“ஆமாம்.”

“வாடா. உக்காரு. மிலிட்டரில கீறதா கேள்விப்பட்டேன். தொப்பையப் பார்த்தா எதிரி பயந்திருக்க மாட்டானே.” உள்ளே திரும்பி, “தே, டீ போடு, என்கூடப் படிச்சவன் வந்துகிறான்” என்றான். அவன் மனைவி எட்டிப் பார்த்து, “வாங்கண்ணா” என்றுவிட்டுப் போனார்.

நான் உட்கார்ந்து ஒரு கை மல்லாட்டை எடுத்தேன். “மெஷின்ல உடைக்கக் கூடாதா?”

“விதைக்கு மெஷின் ஆவாது. பருப்பு ரெண்டா பொளந்துடும். அப்புறம் மொளைக்காது.” கட்டைவிரலால் தட்டி, பிளந்து, பருப்பை முறத்தில் போட்டான். “ஏழாவதுல உட்டது. அதுக்கப்புறம் இதான். நல்லாத்தான்டா கீறேன். நீ இன்னா விஷயமா வந்த?”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் பெயரைப் பார்த்தான். “கண்ணாடி உள்ள கீது. நீயே படி. எழுதினவன் நீதான” என்றான்.

படித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

‘அன்புள்ள இளம் நண்பனுக்கு, உன் கேள்வி சரியான கேள்வி. கோடு பூஜ்யம் இல்லை. என்னை யாரும் அவுட்டாக்கவில்லை. எதிர்முனையில் இருந்தவர் அவுட்டானார், நானும் அவரோடு நடந்து வந்துவிட்டேன். அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஆகவே உன் விளையாட்டில் என் கார்டு எந்தக் கார்டையும் ஜெயிக்கும். இதை உன் ஆசிரியரிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லலாம். எனக்கு மட்டும் அந்தக் கோட்டுக்குப் பதிலாக ஒரு சின்ன எண் கிடைத்திருந்தால் போதும் என்று இருக்கிறது. இரண்டாவது தடவை ஆடியவர்களுக்குத்தான் அது கிடைக்கும். நீ நன்றாகப் படி. இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு வந்த முதல் கடிதம் உன்னுடையது.’

அவன் கை நின்றிருந்தது. “எப்ப வந்துச்சு?” என்றான்.

“ஜனவரியில. தொண்ணூத்தி நாலு.”

“நான் ஏப்ரல்லதான போனேன்.”

“ஆமாம்.”

தட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பாவைப் பற்றி, முப்பத்தொன்பதைப் பற்றி. கேட்டுக்கொண்டான். சொல்லும்போது எனக்கே அது ஒரு விளக்கக் கடிதம்போல் இருந்தது, ஏற்கத்தக்கதாக இல்லை.

“இது அப்பவே வந்திருந்தாலும் சாரு கிழிச்சுப் போட்டிருப்பாரு” என்றேன்.

“போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.” ஒரு மல்லாட்டையை உடைத்தான். “சரி, இத சொல்லு. அன்னிக்கு சாரு உன்னக் கேட்டாரே. கோடுன்னா பூஜ்யம் இல்லன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ம். தெரியும்னு எனக்கும் தெரியும். உன் மூஞ்சியப் பார்த்தேன் இல்ல?”

டீ வந்தது. குடித்தோம். நான் பையிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்தேன். அவன் பதினோரு பேரையும் சாக்கின் மேல் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொருவரையும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். விரல் வீங்கினவருக்குப் பதில் வந்தவர், மழைக்காரர், பேன்ட்காரர். “இந்தப் பஞ்சருங்கள மட்டும் பத்திரமா வெச்சிருக்க” என்றான். முதல் தடவையாகச் சிரித்தான். ஒரே ஒரு கார்டை எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அடுக்கி என்னிடமே தந்தான். முழுக் கட்டுக்குத்தான் ஆடினோம் என்று நான் இந்தத் தடவை சொல்லவில்லை.

பிறகு அஞ்சலட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்தான். “இந்தப் பச்ச மை யாரு?”

“அப்பா.”

“இன்னா எழுதிகிறாரு?”

படித்துக் காட்டினேன். நடவடிக்கை இல்லை, கோப்பில் சேர்க்கப்படுகிறது.

“பேனா வெச்சிருக்கியா?”

கொடுத்தேன். அட்டையைத் தொடையில் வைத்து, என் அப்பாவின் சுருக்கொப்பத்துக்குக் கீழே மீதமிருந்த விரல்கடை இடத்தில், அவன் நிதானமாக எழுதினான். ஏழாம் வகுப்பில் பார்த்த அதே உருண்டை எழுத்து.

‘கிடைத்தது. 8.12.2019.’